துடைக்கத் தேவையில்லாத பசை

அந்தப் பசைத் தொழிற்சாலையில் நூற்றுப்பத்துப் பேர் ஒட்டுவதற்காக வேலை பார்த்தார்கள். ஒருத்தி மட்டும் பிய்ப்பதற்காக வேலை பார்த்தாள். வாசல் காவலாளியிலிருந்து சரக்கு ஏற்றுகிறவர்கள் வரை எல்லோரும் அவளை உடைப்பக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். முதலில் முதுகுக்குப் பின்னால் கூப்பிட்டார்கள். அவள் கோபித்துக்கொள்ளவில்லை என்று தெரிந்ததும் முகத்துக்கு நேராகவே கூப்பிட ஆரம்பித்தார்கள்.

அவள் வேலை இதுதான். சாண் நீளம்கூட இல்லாத இரண்டு அலுமினியத் தகடுகளை எடுத்து, ஒன்றின் நுனி மற்றதின் நுனி மேல் அரை அங்குலம் ஏறும்படி எபாக்ஸிப் பசை தடவி ஒட்ட வேண்டும். ஏழு நாள் அதைத் தொடக்கூடாது. எட்டாம் நாள் இழுவை மெஷினின் இரண்டு தாடைகளுக்கும் அதைக் கடிக்கக் கொடுத்து, 'டப்' என்று பிரியும்வரை இழுக்க வேண்டும். திரையில் ஓர் எண் வரும். மற்றவர்கள் எல்லோரும் அந்த எண்ணைப் பார்ப்பார்கள். உடைப்பக்கா பிரிந்த தகடுகளைத் திருப்பிப் பார்ப்பாள். இரண்டு தகடுகளிலும் பசை கொஞ்சம் கொஞ்சம் ஒட்டியிருந்தால் பசையே கிழிந்திருக்கிறது, பிடிப்பு விடவில்லை என்று அர்த்தம், நல்ல சாவு. ஒரு தகடு முகம் பார்க்கிற கண்ணாடி மாதிரி பளபளவென்று தனியாக வந்துவிட்டால், அந்தப் பசை தகட்டோடு ஏழு நாள் பேருக்குக் குடியிருந்திருக்கிறது, அவ்வளவுதான்.

வேதியியல் பட்டம் வாங்கிய கையோடு, அலுவலக வேலை என்று நினைத்துத்தான் அவள் நேர்முகத் தேர்வுக்கு வந்தாள். சோதனைக் கூடத்தில் இருந்த அம்மாள் பிரசவ விடுப்பில் போயிருக்கிறார், இரண்டு மாதம் மட்டும் இந்த மெஷினைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். அந்த அம்மாள் திரும்பி வரவில்லை. அந்தக் குழந்தை இப்போது கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறதாம். உடைப்பக்கா இன்னும் தற்காலிகமாகத்தான் அந்த மெஷினைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இத்தனை வருடத்தில் அவளுக்கு ஒரே ஒரு விஷயம் தெள்ளத் தெளிவாகத் தெரிந்துவிட்டது. பசை விட்டுப்போனது என்று ஊரெல்லாமிருந்து வருகிற புகார்களில் பத்துக்கு ஒன்பது பசையின் குற்றமில்லை. ஒட்டுவதற்கு முன்னால் யாரும் தகட்டைத் துடைப்பதில்லை. எண்ணெய்ப் பிசுக்கின் மேல் தடவிவிட்டுத் தொழிற்சாலையைத் திட்டுவார்கள். அதனால் அவளுக்குத் துடைப்பது ஒரு பைத்தியமாகவே ஆகிவிட்டது. வீட்டில் இரும்பு அலமாரியின் கைப்பிடி கழன்று விழுந்தபோது கணவர் அதை அவளிடம் கொடுத்துப் பார்த்தார். அவள் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, அசிட்டோனால் இரண்டு முறை துடைத்து, பசை வைத்து, கவ்வி மாட்டி, "ஏழு நாள் யாரும் கை வைக்கக்கூடாது" என்று சொல்லிவிட்டாள். அலமாரிக்குள்தான் எல்லோருடைய துணிமணியும் இருந்தது. அந்த ஏழு நாளும் கணவர் இரண்டே சட்டையை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு தன் ஜெராக்ஸ் கடைக்குப் போய்வந்தார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் என்ன உடைந்தாலும் அவள் கண்ணில் படாமல் குப்பைக்குப் போய்விடும்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த இடத்துக்குத்தான் டாக்டர் வந்து சேர்ந்தார்.

டாக்டர் என்றால் ஊசி போடுகிறவர் அல்ல. பசையில் பட்டம் வாங்கியவர். வயது முப்பத்திரண்டு. தொழிற்சாலையில் எல்லோருக்கும் நீலக் கோட்டு. அவர் மட்டும் மடிப்புக் கலையாத வெள்ளைக் கோட்டில் வந்தார். அவரைக் கூட்டிவந்தது விற்பனை மேலாளர். பசையோடு மேலாளருக்கு இருந்த நேரடி அனுபவம், ஒருமுறை கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒட்டிக்கொண்டு அரைநாள் விடுப்புப் போட்டதுதான். ஆனால் ஜனங்களின் மனசு அவருக்குத் தெரியும். குறைந்தபட்சம், தெரியும் என்று அவரே அடிக்கடி சொல்வார்.

"ஜனங்களுக்கு நேரமில்ல டாக்டர். தேய், துடை, காய வைன்னு நாம பாடம் நடத்திக்கிட்டு இருந்தா எவன் வாங்குவான்? எண்ணெயோட ஒட்டணும். அப்படியே எடுத்தான், தடவுனான், போனான்னு இருக்கணும்" என்றார் மேலாளர்.

அப்படிப்பட்ட பசைகள் உலகத்தில் இல்லாமல் இல்லை. கார் செய்கிற இடங்களில் பெரிய சூட்டடுப்பில் வைத்து வேகவிடுகிறபோது எண்ணெயைத் தனக்குள் இழுத்துக்கொண்டு இறுகுகிற சரக்கு உண்டு. தெருமுனைப் பட்டறையில் சூட்டடுப்புக்கு எங்கே போவது? அடுப்பில்லாமல், சாதாரண வெயிலில், எண்ணெய்த் தகட்டில் ஒட்ட வேண்டும். டாக்டர் எட்டு மாதம் மூளையைக் கசக்கினார். ரெசினை மாற்றினார், ஹார்டனரை மாற்றினார், எதையெதையோ சேர்த்தார். ஒன்பதாம் மாதம் வந்தேவிட்டது எண்: இருபத்திரண்டு. தேய்த்துத் துடைத்து ஒட்டினால் பழைய பசைக்கு எவ்வளவு வருமோ அதே அளவு. அதுவும் துடைக்காமல்!

மேலாளர் டாக்டரைத் தலைமேல் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார். நாற்பதாயிரம் டின்கள் அச்சுக்குப் போயின. டின்னின் நெற்றியில் சிவப்பில், தூரத்துப் பேருந்திலிருந்து பார்த்தாலும் தெரிகிற எழுத்தில்: 'துடைக்கத் தேவையில்லை!'

இனி ஒரே ஒரு சின்னச் சடங்குதான் பாக்கி. சோதனைக் கூடம் தனியாக ஒருமுறை சோதித்துக் கையெழுத்துப் போட வேண்டும்.

உடைப்பக்கா தொழிற்சாலையின் சொந்தப் பட்டறையிலிருந்து வெட்டி வந்த தகடுகளை, டாக்டர் சொன்னபடியே துடைக்காமல் ஒட்டினாள். அதற்கே அவள் கை கூசியது. எட்டாம் நாள் இழுத்தாள். எட்டு. அடுத்தது ஏழரை. அதற்கடுத்தது எட்டேகால். ஒவ்வொரு ஜோடியிலும் ஒரு தகடு பளபளவென்று சிரித்துக்கொண்டு தனியாக வந்தது.

"எண்ண மாத்திப் படிச்சிருப்பீங்க மேடம்" என்றார் டாக்டர், மிகவும் மரியாதையாக.

மெஷினைச் சரிபார்க்க ஆள் வந்தார். மெஷின் சரியாக இருந்தது. பசையைக் கலக்கிற அளவு தப்பியிருக்கும் என்றார்கள், தராசைச் சரிபார்த்தார்கள், தராசும் சரியாக இருந்தது. மழை ஈரம் என்றார்கள். மழை பெய்யவே இல்லை. பழி போட மனிதர்களைத் தவிர வேறு எதுவும் மிஞ்சாதபோது மேலாளர் கூடத்துக்கே வந்து நின்றார்.

"தப்பா நெனைக்காதீங்கம்மா. வருஷக்கணக்கா ஒரே வேலை. கை பழகிப்போச்சு. புதுசா ஒண்ணு வந்தா கை ஏத்துக்க மாட்டேங்குது."

"கை ஏத்துக்குது சார். தகடுதான் ஏத்துக்க மாட்டேங்குது."

இந்தப் பதில் தொழிற்சாலை முழுக்க அரைமணி நேரத்தில் சுற்றி வந்தது. சாப்பாட்டு அறையில் சிலர் நகர்ந்து அவளுக்கு இடம் கொடுத்தார்கள், சிலர் எழுந்து போனார்கள்.

அவளுக்குள் கோபம் கொதித்தது உண்மை. ஆனால் ஆத்திரப்பட்டால் எண் மாறாது என்று அவளுக்குத் தெரியும். அன்று மாலை அவளே டாக்டர் அறைக்குப் போனாள்.

"சார், ஒண்ணு செய்வோம். உங்க தகட்டுல நான் ஒட்டுறேன். என் தகட்டுல நீங்க ஒட்டுங்க. பசை ஒரே டின்."

டாக்டருக்கு அதில் ஓர் இழப்பும் தெரியவில்லை. "தாராளமா மேடம். உங்களுக்கு ஒரு திருப்தி" என்றார்.

ஏழு நாள் போனது. எட்டாம் நாள் இருவரும் மெஷின் முன்னால் நின்றார்கள். அவள் கை ஒட்டிய டாக்டர் தகடுகள் இருபத்தொன்று, இருபத்திரண்டு. டாக்டர் கை ஒட்டிய அவள் தகடுகள் எட்டு, ஏழு. டாக்டர் திரையைப் பார்த்தார், தன் கையைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார். பசையில் பட்டம் வாங்கிய கைக்கும் அதே எட்டுதான்.

"ரெண்டு தகடும் ஒரே ஷீட்டுல வெட்டுனதுதானே?" என்றார், தொண்டையைச் செருமிக்கொண்டு.

"ஒரே ஷீட். ஒரே பட்டறை. ஒரே ஆள். அவரைப் போய்ப் பாத்துட்டு வர்றேன்" என்றாள் உடைப்பக்கா.

பட்டறை தொழிற்சாலையின் பின்கோடியில், கழிவறைகளுக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவில் இருந்தது. அங்கே தகடு வெட்டுகிறவர் ஒரே ஆள். ஐம்பத்தைந்து வயது, காதில் பென்சில், உலகத்தில் யார் வந்தாலும் ஒரு ஸ்டூலைத் துடைத்துப் போடுகிற சுபாவம். அவளுக்கும் போட்டார்.

"உக்காருங்கம்மா. தகடு பத்தலையா?"

"பத்துது அண்ணே. சும்மா நீங்க வெட்டுறதப் பாக்கலாம்னு வந்தேன்."

"இதுல என்ன பாக்கப் போறீங்க" என்று கூச்சப்பட்டுக்கொண்டே அவர் வெட்டினார். கத்தி இறங்குகிற இடத்தில் எண்ணெய் சொட்டிக்கொண்டே இருந்தது. வெட்டி முடித்த தகடுகளை இரண்டு தட்டுகளில் பிரித்து வைத்தார். ஒன்று துருப்பிடித்த பழைய இரும்புத் தட்டு. மற்றது நீல நிறப் பிளாஸ்டிக் தட்டு. இரும்புத் தட்டை அப்படியே அவள் பக்கமாக நகர்த்தினார். நீலத் தட்டை மடிமேல் வைத்துக்கொண்டு, வெள்ளைத் துணியில் அசிட்டோனை ஊற்றி, ஒவ்வொரு தகடாக எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார். ஒருமுறை துடைத்துவிட்டு, வேறு துணியால் இன்னொரு முறை. இடையில் கறை தெரிந்த இடத்தில் உப்புத்தாளால் ஒரு தேய்ப்பு. குழந்தைக்கு மூக்கு துடைக்கிற பதம்.

உடைப்பக்கா நான்கு தகடுவரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது யாருக்கு அண்ணே?"

"டாக்டருக்கும்மா."

"துடைக்கச் சொன்னாரா?"

"அவரு எங்க சொல்வாரு, பாவம். வெள்ளைக் கோட்டு போட்டுக்கிட்டு வேலை செய்றாரு. இந்த எண்ணெ ஒரு சொட்டுப் பட்டா போவுமா சொல்லுங்க? படிச்ச மனுஷன். நாமதான் பாத்துச் செய்யணும்."

"அப்ப எனக்கு?"

அவர் உண்மையாகவே வியந்துபோய் அவளைப் பார்த்தார். "நீங்க நம்ம ஆளும்மா! உங்களுக்கு எதுக்கு இந்த மரியாதையெல்லாம்?"

எட்டு மாத ஆராய்ச்சி, நாற்பதாயிரம் டின், சிவப்பு எழுத்து, இவ்வளவும் அந்த மனிதரின் மரியாதையின் மேல் நின்றுகொண்டிருந்தன. உடைப்பக்காவுக்கு முதலில் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்தபடியே கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். என்ன ஏது என்று தெரியாமல் அவரும் கூடச் சிரித்தார். சிரித்து முடித்த பிறகுதான், இந்த மனிதர் தலையில்தான் இது விடியப்போகிறது என்று அவளுக்கு உறைத்தது.

அவள் கணக்குத் தப்பவில்லை. விஷயத்தைக் கேட்டதும் டாக்டர் நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். தகட்டை அவர் பார்த்ததே இல்லை என்று சொல்ல முடியாது. கணினியில் அதன் படத்தைப் பலமுறை பெரிதாக்கிப் பார்த்திருக்கிறார். கையில் எடுத்தபோதெல்லாம் கையுறை போட்டிருந்தார், கண் கடிகாரத்தில் இருந்தது. மேலாளரோ உட்காரவில்லை. அறைக்குள் இங்கும் அங்கும் நடந்தார். நடந்து நடந்து, ஒரு மேலாளர் வந்து சேர வேண்டிய முடிவுக்கு வந்து சேர்ந்தார்.

மறுநாள் காலையில் நிர்வாக அதிகாரி ஒரு தாளோடு சோதனைக் கூடத்துக்கு வந்தார். தகடு வெட்டும் பணியாளர், மேலிடத்து அனுமதியின்றி, ஆராய்ச்சி மாதிரிகளைத் தன்னிச்சையாகத் துடைத்து, நிறுவனத்தின் கண்டுபிடிப்புக்குப் பங்கம் விளைவித்தார் என்று அதில் இருந்தது. துடைப்பது குற்றம் என்று உலகத்தில் எழுதப்பட்ட முதல் மெமோ அதுவாகத்தான் இருக்கும். கீழே, 'நேரில் கண்ட சாட்சி' என்ற இடம் காலியாக இருந்தது.

"இங்க ஒரு கையெழுத்து மட்டும் போட்டுடுங்க" என்றார் அதிகாரி, பேனாவின் மூடியைக் கழற்றி நீட்டி.

"நான் எழுதுற ரிப்போர்ட்டுலதான் சார் எனக்குக் கையெழுத்துப் போட்டுப் பழக்கம். அடுத்தவங்க எழுதுனதுல பழக்கமில்ல."

"ரொம்ப யோசிக்காதீங்க. ஒரு நடைமுறைதான்."

"யோசிக்கல சார். நாளைக்குச் சொல்றேன்."

வீட்டில் அன்று சாப்பிடுகிற நேரத்தில் கணவரிடம் சொன்னாள். அவர் விரலில் ஜெராக்ஸ் மை. வாயில் அனுபவ முத்து.

"நாளொண்ணுக்கு ஆயிரம் கையெழுத்து என் மெஷினுக்குள்ள போயிட்டு வருது. எவன் படிச்சுட்டுப் போட்டான்னு நெனைக்கிற? போட்டுக் குடுத்துட்டு நிம்மதியா இரு."

"அந்த அண்ணனுக்கு இன்னும் மூணு வருஷம் வேலை இருக்குங்க."

"உனக்குப் பதினெட்டு வருஷம் இருக்கு. அதப் பாரு."

மகள் தட்டிலிருந்து தலையைத் தூக்கினாள். "அம்மா, தகட்டத் துடைச்சதுக்கா மெமோ? நம்ம வீட்டுல அப்பா ஒரு தட்டத் துடைச்சிருந்தா நான் விருதே குடுத்திருப்பேன்."

கணவர் சாப்பிட்ட தட்டைத் தானே எடுத்துக்கொண்டு எழுந்தார்.

மறுநாள் பத்து மணிக்கு மேலாளர் அறையில் கூட்டம். மேலாளர், டாக்டர், நிர்வாக அதிகாரி, உடைப்பக்கா, மேஜை நடுவில் ஒரு டின். சிவப்பு எழுத்து எல்லோரையும் பார்த்துக் கூவிக்கொண்டிருந்தது.

"நாப்பதாயிரம் டின்னு" என்றார் மேலாளர். "துடைக்கத் தேவையில்லைன்னு அடிச்சு வெச்சிருக்கு. இப்ப வந்து, துடைச்சாத்தான் ஒட்டும்னு சொல்றீங்க. நான் என்ன செய்யட்டும்? டின்ன வாங்குறவன் வீட்டுக்கெல்லாம் உங்க அண்ணன அனுப்பி வெச்சுத் துடைக்கச் சொல்லட்டுமா?"

உடைப்பக்காவுக்கு எரிச்சல் தலைக்கேறியது. "அவரு எதுக்கு சார்? டின்னோட ரெண்டு துணியக் குடுத்துடுங்க. அவனவனே துடைச்சுக்குவான்" என்றாள், வெடுக்கென்று.

அவள் குத்தலாகத்தான் சொன்னாள். அறையில் இருந்த மற்ற எல்லோருக்கும் அது புரிந்தது. மேலாளருக்கு மட்டும் வேறு ஏதோ புரிந்தது. நடந்துகொண்டிருந்தவர் நின்றார். டின்னைக் கையில் எடுத்து ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். முகம் மெல்ல மெல்ல மலர்ந்தது.

"துணி" என்றார். "திரவத்துல நனைச்ச துணி. உறையில அடைச்சு. மூடிக்குள்ளயே வெச்சு. டாக்டர், முடியுமா?"

"முடியும்" என்றார் டாக்டர். எட்டு மாதமாக அவரைக் கேட்ட கேள்விகளிலேயே இதுதான் சுலபமானது.

"ஜனங்களுக்குத் துடைக்க நேரமில்லாம இல்ல டாக்டர்! துணி தேடத்தான் நேரமில்ல! நான் அப்பவே சொன்னேன்ல?"

அவர் எப்போதும் அப்படிச் சொன்னதில்லை. உடைப்பக்கா, அதிகாரி தன்னிடம் விட்டுப்போன அந்த மெமோத் தாளை மடியிலிருந்து எடுத்து மேஜைமேல், டின்னுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"அப்ப இது சார்? துடைக்கிறதுதான் நம்ம புது சரக்கோட விசேஷம்னா, அத முதல்ல செஞ்சவருக்கு மெமோ குடுக்க முடியாதே. வெளியில எவனாவது கேட்டா சிரிப்பான்."

நிர்வாக அதிகாரி மேலாளரைப் பார்த்தார். மேலாளர் தாளைப் பார்த்தார். டாக்டர், அதுவரை மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தவர், தலையை நிமிர்த்தி, "அவரு மேல தப்பே இல்ல. தகட்டப் பாக்காதது நான்தான்" என்றார். சத்தம் சின்னதாகத்தான் வந்தது. ஆனாலும் அந்த அறையில் அப்படி ஒரு வாக்கியத்தை அதற்கு முன்னால் யாரும் கேட்டதில்லை.

தாள் நான்காகக் கிழிந்து குப்பைக்கூடைக்குப் போனது. கிழித்தது நிர்வாக அதிகாரிதான். எழுதியவரும் அவர்தான் என்பதால் கிழிப்பதில் ஒரு நேர்த்தி இருந்தது.

மிச்சமிருந்தது டின்னின் நெற்றி. துடைக்கத் தேவையில்லை என்ற எழுத்தோடு, உள்ளே துடைக்கிற துணியோடு ஒரு டின்னை விற்க முடியாது. அந்த ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று உடைப்பக்கா சொல்லிவிட்டாள். நட்சத்திரக் குறி போட்டு அடியில் எறும்பு அளவில் எழுதலாம் என்றார் மேலாளர். முடியாது என்றாள். கடைசியில் ஒரு வார்த்தையை மட்டும் மாற்றுவது என்று முடிவானது. 'துடைக்கத்' என்ற வார்த்தையின் மேல் 'துணி தேடத்' என்று சிவப்பில் அச்சடித்த காகிதம் ஒட்டிவிட்டால், 'துணி தேடத் தேவையில்லை!' பொய்யும் இல்லை, டின்னும் வீணில்லை.

நாற்பதாயிரம் காகிதங்கள் இரண்டே நாளில் அச்சாகி வந்தன. கிடங்கில் முதல் ஐந்நூறு டின்களுக்கு ஒட்டிவிட்டு எல்லோரும் சாப்பிடப் போனார்கள். திரும்பி வந்து பார்த்தால், காகிதங்கள் எல்லாம் தரையில் கிடந்தன. பெரிய எழுத்தில் டின்கள் மறுபடி 'துடைக்கத் தேவையில்லை!' என்று சாதித்துக்கொண்டிருந்தன.

உலோகத்தை ஒட்டுவதில் நாற்பது ஆண்டு அனுபவம் என்று வாசலில் பலகை வைத்திருக்கிற தொழிற்சாலை. ஒரு துண்டுக் காகிதத்தை ஒரு டின்மேல் நிற்கவைக்க முடியவில்லை. பசை சரியில்லை என்றார்கள். காகிதம் சரியில்லை என்றார்கள். உடைப்பக்காவைக் கூப்பிட்டார்கள். அவள் ஒரு டின்னை எடுத்து, மேலே விரலால் ஒரு கோடு இழுத்து, அந்த விரலை மேலாளர் முகத்துக்கு நேரே காட்டினாள். டின் அடிக்கிற இடத்திலிருந்தே மேலே மெல்லிசாக எண்ணெய்ப் படலம்.

"துடைக்கணுமா?" என்றார் மேலாளர், ஈனசுரத்தில்.

"துடைக்கணும் சார்."

நாற்பதாயிரம் டின். தொழிற்சாலையே கிடங்கில் வந்து உட்கார்ந்தது. கணக்குப் பிரிவு, வரவேற்பறைப் பெண், ஓட்டுநர்கள், வாசல் காவலாளி, எல்லோர் கையிலும் துணி. நடத்தியது தகடு வெட்டுகிறவர். அவர்தான் ஒவ்வொரு வரிசையாகப் போய், "ஒரே துணியால ரெண்டு தடவ துடைக்கக்கூடாதுங்க, அழுக்க எடுத்து அதுக்கே திருப்பிப் பூசுற மாதிரி ஆயிடும்" என்று பொறுமையாகச் சொல்லிக்கொண்டு போனார். மேலாளர் சட்டைக் கையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவர் துடைத்த டின் இரண்டு திரும்பி வந்தது.

"இங்க ஓரத்துல விட்டுட்டீங்க சார்" என்றார் தகடு வெட்டுகிறவர், மிகுந்த மரியாதையோடு.

நான்கு நாள் ஆனது. வெளியீட்டு விழா ஒரு வாரம் தள்ளிப்போனது. அதற்குள் பேருந்துக்குக் கூடு கட்டுகிற ஒரு பட்டறை முதலாளிக்கு ஒரு டின்னை அனுப்பி, உங்கள் தகட்டில் நீங்களே ஒட்டிக்கொண்டு வாருங்கள் என்று சொல்லியிருந்தார்கள். அவர் ஏற்கெனவே மூன்று பசைக்காரர்களை வாசலோடு துரத்தியவர். விழாவன்று தன் தகடுகளைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டு வந்து, மேடைக்கு முன்னால் கொண்டுவந்து வைத்திருந்த இழுவை மெஷினில் தானே மாட்டினார். யாரையும் தொட விடவில்லை. மெஷின் இழுத்தது. 'டப்.' திரையில் இருபது புள்ளி ஆறு.

கைத்தட்டல். முதலாளி அந்த எண்ணைப் பார்த்தார், பிரிந்த தகடுகளையும் திருப்பிப் பார்த்தார். இரண்டிலும் பசை இருந்தது. உடைப்பக்காவுக்கு அந்த மனிதரை உடனே பிடித்துப்போனது.

"எப்படிங்க இருக்கு நம்ம சரக்கு?" என்று மேலாளர் ஒலிபெருக்கியை அவர் வாயருகே கொண்டுபோனார்.

"நல்லா இருக்கு" என்றார் முதலாளி. "அந்தத் துணி மட்டும் தனியா கெடைக்குமா?"

துணி தனியாகவும் கிடைக்க ஆரம்பித்தது. சரக்கு நன்றாகவே போனது. உள்ளே இருந்த பசை, டாக்டர் எதையெதையோ சேர்ப்பதற்கு முன்னால் இருந்த பழைய பசையிலிருந்து பெரிதாக வேறுபட்டதில்லை என்பதை உடைப்பக்கா சோதித்து, எண்களோடு எழுதி, உரிய இடத்துக்கு அனுப்பினாள். உரிய இடம் அதைக் கோப்பில் வைத்தது. புகார்கள் மட்டும் பாதியாகக் குறைந்துபோயின; ஊரில் இருக்கிற பட்டறைக்காரர்கள் எல்லாம் இலவசமாக வந்த துணியை வீணாக்குவானேன் என்று துடைக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

தகடு வெட்டுகிறவருக்கு 'மேற்பரப்புத் தயாரிப்புப் பொறுப்பாளர்' என்று பதவி கிடைத்தது. பட்டறை வாசலில் பலகை மாட்டினார்கள். அதைப் படிக்க அவருக்குக் கொஞ்ச நேரமானது. படித்துவிட்டு, பலகையைத் துடைத்தார். டாக்டர் வெள்ளைக் கோட்டைக் கழற்றிவிட்டு எல்லோரையும் போல நீலத்துக்கு மாறினார். வாரத்தில் இரண்டு நாள் பட்டறைக்குப் போய், வெட்டின தகட்டைக் கையுறை இல்லாமல் தொட்டுப் பார்த்தார். தகடு வெட்டுகிறவருக்குத்தான் அது பெரிய சங்கடமாகப் போய்விட்டது. "நீலக் கோட்டுல வர்றவருக்கு எந்த அளவுக்கு மரியாதை குடுக்கிறதுன்னு தெரியலம்மா" என்று உடைப்பக்காவிடம் வந்து ரகசியமாகக் கேட்டார்.

"தகட்ட எண்ணெயோடவே குடுங்க அண்ணே. மரியாதை வேணும்னா அவரே கேட்டு வாங்கிக்குவாரு" என்றாள்.

அந்த வருடக் கடைசியில் தொழில் கூட்டமைப்போ வணிகக் கூட்டமைப்போ ஏதோ ஒன்று, 'ஆண்டின் சிறந்த புதுமை' என்று அந்த டின்னுக்கு ஒரு விருது கொடுத்தது. மேலாளரும் டாக்டரும் மேடையேறினார்கள். மேலாளர் பேசிய முக்கால் மணி நேரத்தில், ஜனங்களின் மனசு பதினொரு முறை வந்தது. டாக்டர் ஒரே நிமிடம்தான் பேசினார். பட்டறையையும் சோதனைக் கூடத்தையும் சொன்னார். அந்த நேரம் பார்த்து ஒலிபெருக்கி கரகரவென்று இரைந்ததால் யார் காதிலும் சரியாக விழவில்லை.

உடைப்பக்கா விழாவுக்குப் போகவில்லை. தண்ணீரைப் பசை எவ்வளவு தாங்கும் என்று பார்க்க, வெந்நீர்த் தொட்டியில் பன்னிரண்டு ஜோடி ஒட்டிய தகடுகளைப் போட்டு அன்றோடு ஆயிரம் மணி நேரம்; சரியாக நாலு மணிக்கு எடுத்தாக வேண்டும். எடுத்தாள், ஈரம் ஒற்றினாள், ஒவ்வொன்றாக மெஷினுக்குக் கொடுத்தாள். தொலைபேசி அடித்தது. நிர்வாக அதிகாரி.

"குரூப் போட்டோ எடுக்கப் போறோம். ஆட்டோ பிடிச்சு வந்துடுறீங்களா? சார் கேக்குறாரு."

"இன்னும் அஞ்சு ஜோடி இருக்கு சார். நீங்க எடுத்துடுங்க."

ரிசீவரை வைத்துவிட்டு எட்டாவது ஜோடியை மாட்டினாள். பதினாறு. தகட்டைத் திருப்பினாள். ஓரத்தில் நகக்கண் அளவுக்கு ஒரு பளபளப்பு. தண்ணீர் அந்த இடத்தில் உள்ளே நுழைந்திருக்கிறது. பெரிதாக ஒன்றுமில்லை, மற்றவர் கண்ணுக்குத் தெரியவும் தெரியாது. அவள் அந்த ஜோடியைத் தனியாக எடுத்து வைத்து, எண்ணுக்குப் பக்கத்தில் 'ஓரம் பார்க்கவும்' என்று எழுதினாள். பிறகு ஒன்பதாவதை எடுத்தாள்.